மலை உக்கி மணலாகும் கணக்கு

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசித்து வரும் வியாபாரச் சகோதரர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகின்றனர். சீமெந்து விலை ஏறினால் டொலர் ஏறியது என்கிறார்கள். கம்பி விலை ஏறினால் கப்பல் கூலி என்கிறார்கள். ஆனால் எமது ஊர் ஆற்றில் சும்மா கிடக்கும் மணலுக்கு ஏன் இந்த விலை? அதற்கு டொலரும் இல்லை, கப்பலும் இல்லையே!

பதிலில் ஒரு பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அனுமதிப்பத்திரம், டீசல், ஏற்றுக்கூலி, இடையில் நிற்கும் கைகள். மறுபாதி, மணல் எப்படி உண்டாகிறது, எவ்வளவு வேகத்தில் உண்டாகிறது என்பதில் இருக்கிறது. இது கட்டடப் பொருள் விற்கும் என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. பெயின்ற் கடைக்காரர், பீங்கான் கடைக்காரர், டைல்ஸ் வியாபாரி, மாணிக்கக்கல் வியாபாரி எல்லோருமே உக்கிப்போன மலையின் ஏதோவொரு பங்கைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

பாடசாலையில் புவியியல் படித்தவர்களுக்கு ‘வானிலையாலழிதல்’ என்ற சொல் ஞாபகம் இருக்கும். பரீட்சைக்காக மனனம் செய்துவிட்டு மறந்துபோன சொல். வெயில், மழை, காற்று, வேர், உப்பு ஆகியவற்றால் பாறை நின்ற இடத்திலேயே உடைந்து உக்குவதுதான் அது. உடைந்ததை ஆறும் கடலும் இழுத்துச் செல்வது வேறு வேலை. அதனை அரிப்பு என்பர். முதலாவது நடந்தால்தான் இரண்டாவதற்குச் சரக்குக் கிடைக்கும்.

எமது மாவட்டத்துக் கல்

திருகோணமலைக்கு வரும் எவரும் முதலில் பார்ப்பது கோணேசர் கோயில் நிற்கும் பாறை முனையைத்தான். அது பெரும்பாலும் குவார்ட்சைற் என்னும் கல். ஒரு காலத்தில் மணலாகக் கிடந்தது, பூமிக்குள் ஆழமாக அமிழ்ந்து, அழுத்தத்திலும் சூட்டிலும் மறுபடி கல்லானது. அதாவது, இன்று நாம் கியூப் கணக்கில் விற்கும் சரக்கின் மிகப் பழைய இருப்பு அங்கே மலையாக நிற்கிறது. நகரைச் சுற்றியுள்ள மற்றக் கற்களில் பெரும்பகுதி நைஸ் வகை. வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாக ஓடும் கருங்கல். கிரஷருக்குப் போவது பெரும்பாலும் இதுதான். இந்தக் கற்கள் இன்றைய உருவத்தைப் பெற்று ஏறத்தாழ 55 கோடி முதல் 60 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கிடந்த காலம் அது.

எமது துறைமுகமும் பாறை உக்கியதால் கிடைத்த சொத்துத்தான். கடினமான கல் முனைகளாகவும் தீவுகளாகவும் நின்றுவிட்டது. அதற்கிடையில் இருந்த இளகிய கல் உக்கி, அரித்துச் செல்லப்பட்டுப் பள்ளத்தாக்காயிற்று. கடந்த சுமார் இருபதாயிரம் ஆண்டுகளில் உலகெங்கும் பனி உருகிக் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் உயர்ந்தபோது அந்தப் பள்ளங்களுக்குள் கடல் ஏறி நின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் சண்டை பிடித்துக்கொண்டது உண்மையில் உக்கிப்போன கல்லின் வெற்றிடத்துக்காகத்தான்.

கல் உடைவது எப்படி?

இரண்டு வழியில் உடைகிறது. ஒன்று, கல்லின் குணம் மாறாமல் துண்டு துண்டாக உடைவது. பூமிக்குள் பெரும் பாரத்தின் கீழ் உருவான கல், மேலிருந்த பாரம் நீங்கியவுடன் விரிந்து வெடிப்பு விடுகிறது. அதன் மேல் கச்சான் காலத்து வெயில் பகல் முழுக்கக் காய்ச்சுகிறது. இரவில் ஆறுகிறது. மேல்தோல் வெங்காயச் சருகு போலக் கழன்று விழுகிறது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் உருண்டு திரண்டு கிடக்கும் பெரும் பாறைகளின் பக்கத்தில் போய்ப் பாருங்கள், இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் ஓடு ஓடாகக் கழன்று கிடக்கும். வெடிப்பில் ஆலம்விதை விழுந்தால் மீதி வேலையை வேர் பார்த்துக்கொள்ளும்.

கடலோரத்தில் இந்த வேலையைச் செய்வது உப்பு. காற்றோடு வரும் உவர்த்துளி கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கி, தண்ணீர் காய்ந்ததும் உப்புப் படிகமாக வளர்கிறது. வளரும் படிகம் சுற்றியுள்ளதை நெருக்கி உடைக்கிறது. உட்துறைமுக வீதியில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்து, பெயின்ற் கொப்பளித்து, பூச்சு மாவாகக் கொட்டுகிறதல்லவா? மலைக்கு நூற்றாண்டுக் கணக்கில் நடப்பது கடைச் சுவருக்கு ஐந்தாறு வருஷத்தில் நடக்கிறது. அதன் மேல் எத்தனை தடவை பெயின்ற் அடித்தாலும் காசுக்குத்தான் நட்டம். பூச்சைக் கொத்தி அகற்றி, சுவரைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, நிலத்து ஈரம் மேலே ஏறாமல் தடுத்த பிறகே புதுப் பூச்சுப் போட வேண்டும்.

இரண்டாவது வழி, கல்லின் குணமே மாறி உக்குவது. வியாபாரத்துக்கு முக்கியமானது இதுதான். எனவே சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

கருங்கல் ஒரே பொருளன்று, அது ஒரு கலவை. கொங்கிறீட்டை உடைத்தால் சல்லி, மணல், சீமெந்து எனப் பிரித்துக் காட்டலாமல்லவா, அதுபோல. கருங்கல்லில் முக்கியமாக இருப்பவை மூன்று, நான்கு கனியங்கள். கண்ணாடி போல மின்னும் குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் பெல்ஸ்பார். தகடு தகடாகப் பளபளக்கும் மைக்கா என்னும் காக்காப்பொன். இவற்றோடு இரும்புச் சத்துள்ள சில கறுப்புக் கனியங்கள்.

மழைத்தண்ணீர் வெறும் தண்ணீரன்று. காற்றிலும், அதைவிட அதிகமாக மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை அது கரைத்துக்கொள்கிறது. சோடாப் போத்தலில் இருப்பதும் இதே வாயுதான், அளவு மட்டும் மிகக் குறைவு. இந்த மெல்லிய அமிலத்தண்ணீர் பெல்ஸ்பாரைத் தாக்கும்போது அதிலுள்ள பொட்டாசியமும் சோடியமும் கரைந்து போய்விடுகின்றன. எஞ்சுவது வெள்ளைக் களி. இரும்புள்ள கனியங்கள் துருப்பிடித்து, ஊதிப் பெருத்து, கல்லை உள்ளிருந்து பிளக்கின்றன. நாம் காணும் செம்மண், கிரவல் எல்லாவற்றின் நிறமும் அந்தத் துருவின் நிறம். கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துத் தூணைப் பிளப்பதும் இதே வேலைதான். குவார்ட்ஸை மட்டும் இந்தத் தண்ணீரால் லேசில் அசைக்க முடியாது. பெல்ஸ்பார் களியாகிப் பிடி தளர்ந்தவுடன் குவார்ட்ஸ் மணி மணியாக உதிர்ந்து விழுகிறது. அந்த உதிர்ந்த மணிகள்தான் மணல். துறைமுகத்தின் தென்கரையில் வெள்ளைமணல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் சரக்கைப் பார்த்தே வைத்திருக்கிறார்கள்.

அந்த வெள்ளைக் களிக்கும் விலை உண்டு. சுத்தமாகக் கிடைத்தால் அதுதான் கயோலின். தென்பகுதியில் மீட்டியாகொடையிலும், கொழும்புக்கு அண்மையில் பொரலஸ்கமுவையிலும் தோண்டுகிறார்கள். உங்கள் கடைப் பீங்கான் கோப்பைக்குள் இருப்பது உக்கிய பெல்ஸ்பார். பேருவளை, சீனன்கோட்டைச் சகோதரர்கள் விற்கும் நீலக்கல்லும் இப்படி விடுதலையானதுதான். இரத்தினபுரிப் பக்கத்து மலைக்கற்கள் உக்கியபோது, குவார்ட்ஸைவிடக் கடினமான அந்தக் கல் அழியாமல் தங்கி, பழைய ஆற்றுப் படுகைகளில் கூழாங்கற்களோடு சேர்ந்தது. சுரங்கக்காரர் ‘இல்லம்’ என்று சொல்லும் மண்படை அதுவே. கல் உக்காமல் இருந்திருந்தால் மாணிக்கத்தை எடுக்க மலையையே உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

கல் வாங்கும்போது

ஒரே மலையில் மேல்பகுதியில் உள்ள கல்லும் அடியில் உள்ள கல்லும் ஒன்றல்ல. மேலே சில அடி, சில இடங்களில் பல அடி, உக்கத் தொடங்கியிருக்கும். நல்ல கிரஷர்காரர் அதைக் கழித்துவிட்டு அடிக்கல்லை எடுப்பார். செலவைப் பார்ப்பவர் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப் போடுவார். உடைத்துச் சல்லியாக்கிய பின் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மேல்பூச்சில் தூசி படிந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகவே இருக்கும்.

மாவட்டத்துக்கு வெளியே ஓரிடத்திலிருந்து எனக்கு ஒருமுறை முக்கால் அங்குலச் சல்லி வந்தது. விலை கியூபுக்கு நன்றாகக் குறைவு. இறக்குவதற்கு முன் எமது பழைய மேசன் ஒருவர் நாலைந்து கல்லை எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். தூசி கழுவுப்பட்டதும் கல்லில் மஞ்சளும் கபிலமுமாகக் கறை தெரிந்தது. இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். “முதலாளி, சத்தத்தைக் கேளுங்க. மரக்கட்டை மாதிரிக் கேக்குது. நல்ல கல்லெண்டா கணீரெண்டு கேக்கணும். இதை சிலாப்புக்குக் குடுத்தா நாளைக்கு நம்மளத்தான் தேடி வருவாங்க” என்றார். லொறியை அப்படியே திருப்பி அனுப்பினேன். விற்றவர் கோபித்துக்கொண்டார், அது வேறு கதை.

அவர் செய்த சோதனை எந்த ஆய்வுகூடத்துக்கும் குறைந்ததன்று. உக்கிய கல்லில் பெல்ஸ்பார் மங்கி, சுண்ணாம்பு போல வெளிறியிருக்கும். நகத்தாலோ கத்தி முனையாலோ சுரண்டினால் மாவு வரும். நல்ல பெல்ஸ்பாரில் சாதாரணக் கத்தி கீறாது. உக்கிய கல் தண்ணீரை உறிஞ்சும், ஆகவே கொங்கிறீட்டில் சீமெந்துக்கு வேண்டிய தண்ணீரையும் அதுவே குடித்துவிடும். மைக்கா அதிகமாக மின்னும் கல்லையும் தவிர்ப்பது நல்லது. தகடு தகடாகப் பிரியும் பொருளில் சீமெந்து பிடிக்காது.

மணலுக்கும் ஓர் எளிய சோதனை உண்டு. கண்ணாடிப் போத்தலில் பாதியளவு மணல் போட்டு, முக்கால் பங்குக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாகக் குலுக்கி, மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும், வண்டல் அதன் மேல் தனிப்படையாகத் தெரியும். மணலின் உயரத்தில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் வண்டல் இருந்தால் கழுவாமல் கொங்கிறீட்டுக்குப் பாவிக்கக் கூடாதென்பது கட்டட வேலைக்காரரின் பழைய அளவுகோல். அந்த வண்டல் வேறொன்றுமில்லை, உக்கிய பெல்ஸ்பாரின் களிதான். ஆறு கழுவிக் கொடுக்காததை நாம் கழுவ வேண்டியிருக்கிறது. சரக்கின் குறையை வாங்குபவருக்குச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது எமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதன்று. ஆனால் குறை என்னவென்று எமக்கே தெரிந்தால்தானே சொல்லலாம்.

இன்னொன்று. சற்று ஈரமான மணல் காய்ந்த மணலைவிட ஐந்திலொரு பங்கு, சில வேளை நான்கிலொரு பங்குவரை பெருத்து நிற்கும். மணிகளைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் படலம் அவற்றை நெருங்கவிடாமல் தள்ளிப் பிடிப்பதே காரணம். வாடை மழைக் காலத்தில் கியூப் அளந்து வாங்குபவர்கள் இதனை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

ஆற்றின் ஐந்தொகை

இனி, தொடக்கத்தில் சொன்ன விலைக் கேள்விக்கு வருவோம்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எமது கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கின் மழைத்தண்ணீர் இந்த ஆற்றுக்கு உரியது. கிண்ணியா, மூதூர் பகுதியில் அள்ளப்படும் மணலின் ஊர் எமது ஊரன்று. நுவரெலியா, கண்டி, மாத்தளை மலைகளில் உக்கிய கல் அது. அவ்வளவு தூரம் உருண்டும் உரசியும் வந்ததால் களியும் மைக்காவும் கழன்று, குவார்ட்ஸ் மிகுந்த சரக்காக எம்மிடம் சேர்ந்தது. மகாவலி மணலுக்கு மேசன்மாரிடம் இருக்கும் மதிப்புக்கு இந்தப் பயணமே காரணம்.

அந்த மலைகள் எவ்வளவு வேகத்தில் உக்குகின்றன? இதனை அளந்திருக்கிறார்கள். இலங்கை ஆய்வாளர் திலக் ஹேவாவசம், வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து மத்திய மலைநாட்டில் செய்த ஆய்வுகள் 2003, 2004 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. வானிலிருந்து இடைவிடாது விழும் கதிர்கள் குவார்ட்ஸில் படும்போது அதற்குள் பெரிலியம்-10 என்னும் பொருள் அணு அணுவாகச் சேர்கிறது. ஆற்றுமணலில் அது எவ்வளவு இருக்கிறதென்று பார்த்தால், அந்த மணி மலையின் மேற்பரப்பை அண்டி எவ்வளவு காலம் காத்துக்கிடந்தது என்று கணக்கிடலாம். அவர்கள் கண்டது, காட்டோடு இருந்த மலை ஆயிரம் ஆண்டுக்கு அதிகம் போனால் 10 மில்லிமீற்றர் அளவுதான் தேய்கிறது என்பது. பல இடங்களில் அதைவிடவும் குறைவு. இவ்வளவு மழையும் வெப்பமும் செங்குத்தும் உள்ள மலைநாட்டில் தேய்வு இத்தனை மெதுவாக நடப்பது நிபுணர்களுக்கே வியப்பைத் தந்தது.

ஆயிரம் ஆண்டுக்குச் சுண்டுவிரல் நகத்தின் அகலம். இதனை எமது பாஷைக்கு மாற்றிப் பார்ப்போம். நான் நிபுணன் அல்லன், கடை மேசையில் கல்குலேட்டரை வைத்துப் போட்ட கணக்கு இது. ஒரு சதுர கிலோமீற்றர் மலையில் ஆண்டுக்கு நூறிலொரு மில்லிமீற்றர் தேய்ந்தால் கிடைப்பது 10 கன மீற்றர் கல். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆக மூன்றரைக் கியூப். ஒரு சதுர கிலோமீற்றர் மலை ஆண்டு முழுவதும் பாடுபட்டு எமக்குத் தருவது ஒரு டிப்பர் கல்! அதிலும் கரைந்து போவது போக, களியாகிப் போவது போக, மணலாக மிஞ்சுவது ஒன்றிரண்டு கியூப்.

மகாவலிப் படுக்கை முழுவதும் ஏறத்தாழ 10,400 சதுர கிலோமீற்றர். எல்லா இடமும் இதே வேகத்தில் தேய்கிறதென்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கியூப் மணல். நாளொன்றுக்குப் பத்து முதல் இருபது டிப்பர். இயற்கை எமக்குத் தரும் நாட்கூலி இவ்வளவுதான். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலத்தடியில் ஒரு நாள் காலை நின்று, போகும் மணல் வாகனங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மலைநாட்டில் காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் மரக்கறியும் வைத்த பிறகு மண் அரிப்புப் பல மடங்கு, சில சரிவுகளில் நூறு மடங்குக்கும் மேலாகக் கூடியது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அப்படியானால் மணல் கூடுதலாக வரவேண்டுமே என்று கேட்பீர்கள். வந்திருக்கும், வழியில் அணைகள் இல்லாதிருந்தால். 1976 இல் பொல்கொல்லை, 1985 இல் கொத்மலையும் விக்டோரியாவும், 1986 இல் ரந்தெனிகலை, 1990 இல் ரந்தம்பை, அம்பன் கங்கையில் 2017 இல் நீர் நிரப்பத் தொடங்கிய மொரகஹகந்தை. நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்த ஆறு வேகம் குறைந்தவுடன் பருமணலை அங்கேயே போட்டுவிடுகிறது. மின்சாரம் கிடைத்தது, வயலுக்குத் தண்ணீர் கிடைத்தது. அவற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் மலைநாட்டு மணலுக்கு எம்மிடம் வரும் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

எனவே கிண்ணியாவிலும் மூதூரிலும் வெருகலிலும் நாம் அள்ளும் மணலில் பெரும்பகுதி அணை கட்டுவதற்கு முன், பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய இருப்பு. வியாபாரிக்கு விளங்கும்படி சொன்னால், இலாபத்தை எடுத்துச் செலவழிக்கவில்லை, முதலை உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எந்தக் கடையிலும் இருப்புக் குறையக் குறைய என்ன நடக்குமோ அதுதான் மணல் விலையிலும் நடக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கட்டிய வீடுகள், யுத்தம் முடிந்த 2009 க்குப் பின் போட்ட வீதிகள், பாலங்கள் எல்லாம் இதே இருப்பில் கைவைத்தன. அவை கட்டாயத் தேவைகள். மறுப்பதற்கில்லை.

ஆற்றடி பள்ளமானால் விலையோடு விஷயம் முடியாது. கரை அடிவாரம் இழந்து சரியும். கரையோர வயலும் தென்னந்தோட்டமும் ஆற்றோடு போகும். கடலுக்கு அண்மித்த பகுதியில் ஆற்றடி கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறி, கிணறுகள் உவராகும். வயல்காரரும் எமது வாடிக்கையாளர்தான். அவர் கையில் காசு இல்லாவிட்டால் எமது கடையில் யார் சாமான் வாங்குவது? 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மணல் அகழ்வுக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத மணலை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிக் குவிப்பவர், வாகனத்தையும் சரக்கையும் நீதிமன்றத்தில் விட்டுவிட்டு வரும் ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

கறுப்பு மணலில் வெள்ளைப் பெயின்ற்

எமது மாவட்டத்தின் வடக்கெல்லையில் உள்ள புல்மோட்டையைச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க இயலாது. குவார்ட்ஸைப் போலவே லேசில் உக்காத வேறு கனியங்களும் கல்லுக்குள் சிறிதளவு இருக்கின்றன. இல்மனைற், ரூட்டைல், சேர்கோன். இவை பாரமானவை. குவார்ட்ஸ் தண்ணீரைப் போல 2.65 மடங்கு பாரமென்றால், இல்மனைற் சுமார் 4.7 மடங்கு. ஆறுகள் கடலில் சேர்த்த மணலை அலை கரைக்கு ஏற்றி இறக்கும்போது, திரும்பிப்போகும் மெல்லிய அலை இலேசான குவார்ட்ஸை இழுத்துச் செல்கிறது. பாரமானது கரையில் தங்குகிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் சுளகில் அரிசி புடைப்பதைப் போன்ற வேலைதான். வாடைக் காற்றுக் காலத்து அலை ஆண்டுதோறும் புதிய கறுப்பு மணலைக் கரையில் ஓரளவு சேர்க்கிறது.

1957 இல் அரசாங்கம் இதற்கெனக் கனிய மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. இன்று அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச கம்பனி. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கரைக்கு அப்பால் இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த கோடியாலிட்டி என்ற கப்பல் தாக்கப்பட்டது. பின்னர் தொழில் நீண்ட காலம் படுத்துக்கிடந்தது.

இல்மனைற்றில் உள்ள டைற்றேனியத்திலிருந்துதான் பெயின்றுக்கு வெண்மை தரும் தூள் செய்யப்படுகிறது. ரூட்டைல் வெல்டிங் கூரின் மேற்பூச்சுக்கும், சேர்கோன் டைல்ஸ், பீங்கான் மெருகுக்கும் போகின்றன. கறுப்பு மணலைத் தொன் கணக்கில் கப்பலில் ஏற்றிவிட்டு, வெள்ளைத் தூளையும் டைல்ஸ் மெருகையும் டொலர் கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். இதைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியாயிற்று. என் கடை அலுமாரியில் வெள்ளைப் பெயின்ற் வாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

மாற்று என்ன?

மேற்கே முத்துராஜவலைக் கடலுக்கப்பால் தோண்டிய மணலைக் கரையில் குவித்து, உப்புப் போகும்வரை மழையில் கழுவவிட்டு விற்று வருகிறார்கள். எமது பகுதியில் கைக்குக் கிட்டியது கிரஷர் மணல், அதாவது கருங்கல்லை இயந்திரத்தில் பொடித்து எடுப்பது. மழை பல்லாயிரம் ஆண்டில் செய்யும் வேலையை இயந்திரம் ஒரு நிமிடத்தில் செய்கிறது. ஆனால் பாதி வேலையைத்தான் செய்கிறது. உடைக்கிறது, பிரிப்பதில்லை. பெல்ஸ்பார், மைக்கா, தூள் எல்லாம் உள்ளேயே இருக்கும். கழுவிச் சலித்த கிரஷர் மணலும், கிரஷரின் அடியில் விழும் வெறும் தூளும் வேறு வேறு. இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன போத்தல் சோதனை இங்கேயும் உதவும். மணிகள் கூராக இருப்பதால் பூச்சு வேலைக்கு மேசன்மார் முகம் சுளிப்பார்கள். கொங்கிறீட்டுக்கும் பிளாக் கல்லுக்கும் ஆற்றுமணலோடு கலந்து பாவிக்கத் தடையில்லை.

எனது இடத்தில் இப்போது மணலை மூன்று குவியலாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பூச்சுக்கு ஆற்றுமணல், கொங்கிறீட்டுக்குக் கலவை, பிளாக் கல்லுக்குக் கழுவிய கிரஷர் மணல். எது எங்கிருந்து வந்ததென்று பில்லிலேயே எழுதிக் கொடுக்கிறோம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கொந்தராத்துக்குச் சீமெந்துக்கும் கம்பிக்கும் விலை பேசினாலும் மணலுக்கு மட்டும் விலையை முன்கூட்டிக் கட்டிப்போடுவதில்லை. ஆரம்பத்தில் வாடிக்கையாளர் சிலர் “என்ன ஹாஜியார், மணலுக்குமா இவ்வளவு கணக்கு?” என்று சிரித்தார்கள். கடந்த மாரியில் ஆறு பெருகி இரண்டு மாதம் மணல் எடுக்க முடியாமல் போனபோது, அவர்களில் இருவர் கிரஷர் மணல் குவியலுக்குப் பக்கத்தில் டிப்பரோடு வந்து நின்றார்கள்.